'குவென்தா' படுத்துகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஸ்பானியப் பயிற்சி நோட்டுகளைத் திருத்தும்போது சிவப்பு மையை அதிகம் குடிக்கும் சொல் குவென்தா. சி, யு, இ, என், டி, ஏ என்று எழுதுவார்கள். கடைசி 'தா'வை 'தாத்தா'வின் முதல் எழுத்தைப் போல அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்பால் சொல் என்பதால் லா குவென்தா, உனா குவென்தா. 'ஓட்டல் பில்' என்றுதான் பெரும்பாலும் முதலில் அறிமுகமாகிறது. அதை மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்த பாடங்களுக்குப் போகிறவர்களுக்குத்தான் தொல்லை வருகிறது.

இதன் பொருளைப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்தான் முடிவு செய்கிறது. அதனால் கீழே உள்ள சோதனைகள் எல்லாமே முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பார்ப்பவைதான். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஸ்பானியச் சொற்களை ஒலியை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன்.

## அறிகுறி 1: வாசிக்கும்போது 'பில்' என்று பொருள் வைத்தால் வாக்கியம் ஓடவில்லை

முதல் சோதனை: இது பெயர்ச்சொல்தானா?

பாதிப் பேருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். 'கொன்தார்' என்று ஒரு வினை உண்டு. எண்ணுவதும் அதுதான், கதை சொல்வதும் அதுதான். அந்த வினையின் 'அவன், அவள், அது' வடிவமும் குவென்தா என்றே வரும், எழுத்தும் மாறாது.

- பின்னால் 'கொன்' வந்தால் அநேகமாக வினை. 'எல் ஓதெல் குவென்தா கொன் பிஸீனா' என்பது ஓட்டல் விளம்பரங்களில் தவறாமல் வரும் வரி. அந்த ஓட்டலில் நீச்சல் குளம் இருக்கிறது, அவ்வளவுதான். 'குவென்தா கொன்மீகோ' என்று நண்பர் சொன்னால், 'நான் இருக்கிறேன், என்னை நம்பலாம்' என்கிறார். 'உனா குவென்தா கொன்...' என்று முன்னால் 'உனா'வோ 'லா'வோ இருந்தால் மட்டும் பெயர்ச்சொல்.
- பின்னால் நேராக 'கே' (நம் 'என்று' போன்ற இணைப்புச் சொல்) வந்து, முன்னால் 'லா', 'உனா', 'என்', 'தே' எதுவும் இல்லையென்றால் வினை. 'ஹுவான் குவென்தா கே...' என்றால் ஹுவான் ஏதோ சொல்கிறார்.
- முன்னால் 'மே', 'லே', 'நோஸ்' ஒட்டி நின்றால் வினை. 'மே குவென்தா தோதோ' என்பது 'எல்லாவற்றையும் என்னிடம் சொல்லுவாள்'.

ஒரு பொறி மட்டும் உண்டு. கதையைப் பற்றிய பேச்சில் 'மரியா லா குவென்தா பியென்' என்று வந்தால், அந்த 'லா' சுட்டு அல்ல, 'அதை' என்று பொருள்படும் பிரதிப்பெயர். மரியா கதையை நன்றாகச் சொல்கிறாள். வாக்கியத்தில் வேறு வினை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் குவென்தாதான் வினை.

பெயர்ச்சொல்தான் என்றால்: முன்னால் 'என்' இருக்கிறதா?

'என் குவென்தா' என்று நடுவில் 'லா' இல்லாமல் வந்தால், அநேகமாக 'கருத்தில் கொள்வது' (அறிகுறி 4). 'என் லா குவென்தா' என்று 'லா'வோடு வந்தால், பில்லிலோ வங்கிக் கணக்கிலோ ஏதோ இருக்கிறது. 'ஆய் உன் எரோர் என் லா குவென்தா', பில்லில் தப்பு இருக்கிறது. இதற்கு ஒரே ஒரு பெரிய விலக்கு 'காயேர் என் லா குவென்தா'. சட்டென்று உறைப்பது. 'காயேர்' என்றால் விழுவது. யாரும் பில்லுக்குள் விழவில்லை.

இதுவும் இல்லையென்றால்: கழுத்திலோ கையிலோ ஏதாவது இருக்கிறதா?

நகை, ஜெபமாலை, கைவினை பற்றிய பகுதி என்றால் குவென்தா என்பது மணி. 'லாஸ் குவென்தாஸ் தெல் ரொசாரியோ' ஜெபமாலையின் மணிகள். எண்ணி எண்ணி உருட்டுவதால் வந்த பெயர். அருங்காட்சியகக் குறிப்புகளில் இதைப் பார்த்துவிட்டு, 'பழங்கால மக்கள் பில்லைக் கழுத்தில் அணிந்தார்கள்' என்று மொழிபெயர்த்த நோட்டு ஒன்று இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அதுவும் பொருந்தவில்லையா?

'கணக்கு' என்ற தமிழ்ச் சொல்லை வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் ஐந்தாறு சொல் தேவைப்படும் இடத்தில் நமக்கு இந்த ஒன்று போதும். கூட்டல் கழித்தலா? கணக்கு. வங்கியில் இருப்பதா? கணக்கு. ஜிமெயிலில் திறப்பதா? அதுவும் கணக்கு. செய்தித்தாளில் 'அஹுஸ்தே தே குவென்தாஸ்' என்று வந்தால் நம் ஊர் 'கணக்குத் தீர்த்தல்' அப்படியே, அரிவாள் துப்பாக்கி சகிதம். 'ரெந்தீர் குவென்தாஸ்' என்றால் கணக்குக் காட்டுவது, பதில் சொல்லும் பொறுப்பு. ஸ்பெயினின் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பின் பெயரும் திரிபுனால் தே குவென்தாஸ்தான். 'நோ மே சாலென் லாஸ் குவென்தாஸ்' என்று ஒருவர் தலையைச் சொறிந்தால், நாம் 'கணக்கு இடிக்கிறதே' என்போமே, அதேதான்.

கணக்குக் காட்டுவது என்றதும் ஒரு சின்ன விலகல். கொன்சாலோ ஃபெர்னான்தெஸ் தே கோர்தோபா என்ற தளபதி நேப்பிள்ஸ் போரை வென்று கொடுத்தார். அரசர் ஃபெர்னாந்தோ செலவுக் கணக்கு கேட்டாராம். அவர் கோபத்தில் மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் கோடிக்கணக்கில் எழுதி நீட்டினார் என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, நம்ப முடியாத செலவுக் கணக்குக்கு இன்றும் 'லாஸ் குவென்தாஸ் தெல் க்ரான் கபிதான்' என்றுதான் பெயர். க்ரான் கபிதான், அதாவது மாபெரும் தளபதி, அவருடைய பட்டப்பெயர்.

## அறிகுறி 2: ஓட்டலில், கடையில் சொன்னேன், வேறு எதையோ கொண்டுவந்தார்கள், அல்லது எதுவுமே வரவில்லை

பில் வரவே இல்லை. கோளாறு உங்கள் ஸ்பானியத்தில் இல்லை. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் நீங்கள் கேட்காமல் பில்லை மேசையில் வைப்பது விருந்தினரை எழுந்து போகச் சொல்வது போல. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் சர்வர் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் அதுதான். கண்ணைப் பார்த்து 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேளுங்கள். ஸ்பெயினின் சின்ன பார்களில் 'மே கோப்ராஸ்?' என்றாலே போதும், 'காசு வாங்கிக்கிறீங்களா?' என்பது போல. நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் 'லா தொலொரோசா' கேட்டால் பயப்பட வேண்டாம். வலி தருவது என்று பொருள், அதுவும் பில்தான்.

கேட்டதற்குப் பெயர், வரி எண், முகவரி எல்லாம் கேட்கிறார்கள். நீங்கள் 'ஃபக்தூரா' என்று சொல்லியிருப்பீர்கள். அது வரிக் கணக்குக்கான முறையான பில். சாப்பாட்டுக்கு குவென்தா, கம்பெனியில் காட்ட ஃபக்தூரா. பணம் கட்டிய சீட்டு மட்டும் போதுமென்றால் ஸ்பெயினில் 'திகெத்'.

'பியேதே' என்று கேட்டேன், விழிக்கிறார்கள். ஆங்கில 'பில்' போல ஒலிக்கிறதே என்று நம்பிவிட்டீர்கள். அது ரூபாய் நோட்டு அல்லது பயணச்சீட்டு.

மின்கட்டண பில்லுக்கு எந்தச் சொல்? ஊருக்கு ஊர் மாறும். சிலியில் லா குவென்தா தே லா லூஸ் என்பது சகஜம். ஸ்பெயினில் ஃபக்தூரா அல்லது ரெசீபோ, மெக்சிகோவில் ரெசீபோ, அர்ஜென்டினாவில் போலேதா. வீட்டு உரிமையாளர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஆசிரியரிடம் ஓட வேண்டாம்.

## அறிகுறி 3: 'எனக்குப் புரிந்தது', 'அப்போதுதான் கவனித்தேன்' என்று எழுதும் இடமெல்லாம் சிவப்புக் கோடு

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சரியான தொடர் 'தார்சே குவென்தா தே'. நான்கு துண்டுகள்: தார் என்ற வினை, 'சே', குவென்தா, 'தே'. ஒன்று கழன்றாலும் வண்டி ஓடாது, அல்லது வேறு ஊருக்குப் போய்விடும்.

முதலில் வினையைப் பாருங்கள். 'ரெயாலிசார்' என்று எழுதியிருக்கிறீர்களா? ஆங்கிலம் உள்ளே புகுந்துவிட்டது. ஸ்பானியத்தில் அது ஒரு வேலையைச் செய்து முடிப்பது. 'ரெயாலிசே உன் எஸ்தூதியோ' என்றால் ஓர் ஆய்வு நடத்தினேன். 'கதவு பூட்டியிருப்பதை உணர்ந்தேன்' என்பதற்கு அந்தச் சொல்லைப் போட்டால், பூட்டிய கதவை நீங்களே தயாரித்தது போல ஆகும்.

வினை சரியென்றால், 'சே' இருக்கிறதா? நான் என்றால் 'மே தோய் குவென்தா', நாங்கள் என்றால் 'நோஸ் தாமோஸ் குவென்தா'. இறந்தகாலத்தில் 'மே தி குவென்தா', 'சே தியோ குவென்தா', 'நோஸ் திமோஸ் குவென்தா'. இந்த 'மே', 'சே', 'நோஸ்' விழுந்துவிட்டால் வாக்கியம் பிழையாகத் தெரியாது, அதுதான் ஆபத்து. 'சே' இல்லாத 'தார் குவென்தா தே' என்பதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. ஒன்று, தகவல் தெரிவிப்பது. இன்னொன்று, தட்டில் இருப்பதைக் காலி செய்வது. 'பெத்ரோ தியோ குவென்தா தே லோஸ் தாகோஸ்' என்றால் பெத்ரோ தாகோக்களைக் கவனிக்கவில்லை, ஒரு கை பார்த்துவிட்டார்.

'சே' இருக்கிறது என்றால், எண்ணிக்கையை மாற்றினீர்களா? பலர் சேர்ந்து உணர்ந்தாலும் குவென்தா ஒருமைதான். 'நோஸ் திமோஸ் குவென்தாஸ்' கிடையாது.

அதுவும் சரியென்றால், காலம்? சட்டென்று ஒரு கணத்தில் உறைத்தது என்றால் 'மே தி குவென்தா'. 'மே தாபா குவென்தா' என்பது மெல்ல மெல்ல, அல்லது வழக்கமாகக் கவனித்துக்கொண்டிருந்தது. கதை எழுதும்போது பெரும்பாலும் முதலாவதுதான் வேண்டியிருக்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் கோடு போட்டிருக்கிறார் என்றால், சொல்லே தவறு. தமிழில் 'தெரிய வந்தது' என்று ஒரே தொடரில் முடித்துவிடுகிறோம். ஸ்பானியம் இரண்டாகப் பிரிக்கும். நீங்களே பார்த்து, யோசித்து உணர்ந்தால் தார்சே குவென்தா. யாரோ சொல்லியோ செய்தியில் படித்தோ தெரிந்துகொண்டால் 'என்தெரார்சே'. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று அம்மா போனில் சொன்னால் 'மே என்தெரே'. பந்தல் போடுவதைப் பார்த்து நீங்களே ஊகித்தால் 'மே தி குவென்தா'. தகவல் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும்.

## அறிகுறி 4: 'கே'க்கு முன்னால் 'தே' போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம்

'மே தி குவென்தா தே கே' சரி. 'தெனேர் என் குவென்தா கே' சரி. முதலாவதில் 'தே' கட்டாயம், இரண்டாவதில் 'தே' வரவே கூடாது. இரண்டிலும் குவென்தா இருப்பதால் ஒன்றின் வழக்கம் மற்றதில் தொற்றிக்கொள்கிறது. இது வெளிநாட்டவர் நோய் மட்டும் அல்ல. ஸ்பானியம் தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சில் 'தே'யை விழுங்குவார்கள், அல்லது வேண்டாத இடத்தில் திணிப்பார்கள். விழுங்குவதற்கு 'கேயிஸ்மோ', திணிப்பதற்கு 'தெகேயிஸ்மோ' என்று இலக்கணக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். அதனால் 'தெருவில் அப்படிப் பேசிக் கேட்டேனே' என்று தேர்வில் வாதாட முடியாது.

விதியை மனப்பாடம் செய்வதைவிட இந்தச் சோதனை சுலபம். 'கே'யில் தொடங்கும் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஏசோ' (அது) என்று வையுங்கள்.

- 'மே தி குவென்தா தே ஏசோ' என்றுதான் வரும், 'தே' இல்லாமல் நிற்காது. ஆகவே 'தே கே'.
- 'தென் என் குவென்தா ஏசோ' என்று நேராக நிற்கும். ஆகவே வெறும் 'கே'.

'காயேர் என் லா குவென்தா' முதல் கட்சி, 'தே கே' கேட்கும். பத்திரிகை நடையில் வரும் 'அபீதா குவென்தா தே கே' (இதைக் கருதும்போது) அதுவும் முதல் கட்சி. சந்தேகம் வந்தால் ஏசோ வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

'என்' விழுந்துவிட்டதா என்றும் ஒரு பார்வை. 'தெங்கோ உனா குவென்தா' என்றால் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது. 'தெங்கோ என் குவென்தா' என்றால் கணக்கில் கொள்கிறீர்கள். தமிழில் 'கணக்கில்' என்று 'இல்' போடுகிறோமே, அந்த 'இல்'தான் இந்த 'என்'. ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவராமல் இப்படியே பிடித்துக்கொண்டவர்கள் இந்தத் தொடரில் தவறுவதில்லை.

லத்தீன் அமெரிக்காவில் 'தொமார் என் குவென்தா' அதிகம் கேட்கும். பிழை அல்ல. 'கே' விஷயத்திலும் அதே நடத்தைதான்.

எப்போது ஆளைக் கேட்பது? ஏசோ சோதனை செய்தும் இரண்டும் சரி போலத் தோன்றினால் முதலில் ஸ்பானிய மொழிக் கழகமான ரெயால் அகாதெமியா எஸ்பன்யோலாவின் அகராதியைப் பாருங்கள். இணையத்தில் காசு கிடையாது. குவென்தா என்று தேடினால் பொருள்களுக்குக் கீழே தொடர்களின் நீண்ட பட்டியல் வரும். உங்களுடையது அங்கே இருக்கும். அதன் பிறகும் தீரவில்லை, அதுவும் தெலே என்ற ஸ்பானிய மொழித் திறன் தேர்வு நெருங்குகிறது என்றால் ஆசிரியரிடம் போங்கள். பேச்சுத் துணைக்குக் கிடைத்த நண்பரிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்காதீர்கள். அவர் காதுக்கு எது பழக்கமோ அதைச் சொல்லுவார்.

## அறிகுறி 5: ஒருமையா பன்மையா, 'தா'வா 'தோ'வா

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உறைந்துபோன தொடர்களில் எண்ணிக்கை மாறாது. 'அ ஃபின் தே குவென்தாஸ்' (கடைசியில் பார்த்தால்), 'என் ரெசுமீதாஸ் குவென்தாஸ்' (சுருக்கமாக), 'பெதீர் குவென்தாஸ்' (கணக்குக் கேட்பது) எல்லாம் பன்மை. 'பெர்தேர் லா குவென்தா' (எண்ணிக்கை தவறுவது), 'மாஸ் தே லா குவென்தா' (அளவுக்கு மீறி) ஒருமை. ராக்கெட் ஏவும் முன் எண்ணுவது ஸ்பெயினில் குவென்தா அத்ராஸ், அமெரிக்கக் கண்டத்தில் குவென்தா ரெக்ரெசீவா.

'தோ'வில் முடியும் குவென்தோ வேறு சொல்: கதை, ஆண்பால். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பதால் தொடர்களில் இடம் மாறிவிடும். 'நோ வியேனே அ குவென்தோ' (இங்கே அதற்குச் சம்பந்தமில்லை) என்பதில் 'தா' போட்டால் கேட்பவர் சிரிப்பார்.

ஸ்பெயினில் ஒரு பெண் 'சால்கோ தே குவென்தாஸ் என் மாயோ' என்று சொன்னால் வாழ்த்துச் சொல்லுங்கள். கடனை அடைக்கவில்லை, மே மாதத்தில் பிரசவத் தேதி. மெக்சிகோவில் 'ஆஸ் தே குவென்தா கே...' என்று தொடங்கினால் நம் 'என்று வைத்துக்கொள்', கற்பனைக்கு அழைக்கிறார்.

## அறிகுறி 6: படிவத்திலோ வங்கியிலோ 'குவென்தா' என்று இருக்கிறது, எதை நிரப்புவது என்று தெரியவில்லை

இதுவரை பார்த்த தவறுகளுக்கு மதிப்பெண்தான் போகும். இங்கே பணம் போகும்.

'நூமெரோ தே குவென்தா' என்று மட்டும் இருந்தால் வங்கிக் கணக்கு எண். ஸ்பெயினில் ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கிறார்கள். ஈ, எஸ் என்ற எழுத்துகளில் தொடங்கி மொத்தம் 24 இடங்கள். எண்ணிப் பார்த்து எழுதினால் முடிந்தது.

'அ குவென்தா' என்று ரசீதில் இருந்தால் நீங்கள் கொடுத்தது முன்பணம், மொத்தத் தொகையில் ஒரு பகுதி. மீதி பாக்கி இருக்கிறது. 'கணக்கு முடிந்தது' என்று வாசித்துவிடாதீர்கள்.

'போர்' முன்னால் நின்றால் நிதானமாகப் படியுங்கள். சாப்பாட்டு மேசையில் 'கோரே போர் மி குவென்தா' என்றால் செலவு என்னுடையது. 'லோ இசே போர் மி குவென்தா' என்றால் யாரையும் கேட்காமல் நானாகச் செய்தேன். இதே 'போர் குவென்தா' வேலைப் படிவத்தில் இரண்டு கிளையாகும். 'போர் குவென்தா ப்ரோபியா' சொந்தத் தொழில் செய்பவர், 'போர் குவென்தா அஹேனா' இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஸ்பெயினில் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியே இந்த இரண்டு பெயரில் தனித்தனியாக இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதற்கு விண்ணப்பித்தால் கேட்கும் ஆவணங்களே வேறு. 'ப்ரோபியா'வைப் பார்த்து 'சொந்த வங்கிக் கணக்கு' என்று நினைத்து டிக் அடிப்பவர்கள் உண்டு.

இரண்டு பேர் பெயரில் கணக்கு என்றால் அடைமொழியைப் பாருங்கள். 'இந்திஸ்தின்தா' என்றிருந்தால் யாராவது ஒருவர் கையெழுத்தே போதும். 'மன்கொமுனாதா' என்றிருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் வெளியூரில் இருக்கும்போது வாடகை கட்ட முடியாமல் நிற்பது இந்த ஒரு சொல்லால் வரும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? எண் நிரப்புவது வரை நீங்களே செய்யலாம். அனுமதி வகை, கூட்டுக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று கையெழுத்து வந்த நிமிடம் அகராதியை மூடிவிடுங்கள். ஸ்பெயினில் இந்த மாதிரி காகித வேலைகளைப் பார்த்துக்கொடுக்க 'ஹெஸ்தோர்' என்று ஒரு தொழிலே இருக்கிறது, அவரிடம் போகலாம். அனுமதி விவகாரம் என்றால் குடியேற்ற வழக்கறிஞர். நம் ஊர் ஆவணத்தை அங்கே தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரான 'த்ரதுக்தோர் ஹுராதோ'வின் முத்திரை கேட்கலாம். தெரிந்தவர் மொழிபெயர்த்தது அங்கே செல்லாது. செலவு பிடிக்கும்தான். விலை கேட்கும்போது சந்தேகமான வரியை மட்டும் வெட்டி அனுப்பாமல் முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அந்த குவென்தாவுக்கு முன்னால் 'போர்' இருக்கிறதா 'அ' இருக்கிறதா என்று அவர்களும் பார்க்க வேண்டும்.